டமாஸ்கஸில் காலித் நுழைந்த வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பகால அரபுப் படையெடுப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 635இல் அரபுத் தளபதி காலித் பின் வலீத் வாளோடு டமாஸ்கஸுக்குள் புகுந்தார் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இந்தப் படையெடுப்புகளின் வரலாற்றை எழுதிய பலாதுரி அப்படி முடிக்கவில்லை. கிழக்கு வாசலில் நின்ற காலித், நகரத்து ஆயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு உள்ளே வந்தார், ஜாபியா வாசலில் இன்னொரு தளபதியான அபூ உபைதாதான் சண்டையிட்டு நுழைந்தார் என்கிறார். இதை நேர்மாறாகச் சொன்னவர்களின் கூற்றையும் பதிவுசெய்துவிட்டு, முதலில் சொன்னதுதான் சரி என்று தன் முடிவையும் வைக்கிறார்.

யார் எந்த வாசலில் வந்தால் என்ன என்று தோன்றலாம். ஊர் கட்ட வேண்டிய வரி முழுக்க அதில்தான் இருந்தது. உடன்படிக்கை செய்து பணிந்த ஊர் பேசிய தொகையைக் கட்டினால் போதும். போரிட்டுப் பிடித்த நிலம் என்றால் அதை என்ன செய்வது என்பது ஆட்சியாளர் கையில். இருநூறு வருஷம் கழித்தும் இந்த வழக்கு ஓயவில்லை. யாகூபி போன்ற புவியியலாளர்கள் ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது, அதை எந்தக் கலீஃபா காலத்தில் யார் பிடித்தார், எவ்வளவு வரி வந்தது என்பதையும் கூடவே எழுதியது சும்மா இல்லை. அதனாலேயே இந்தப் பதிவுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் படிக்க வேண்டும். ஒரு கூற்று நிலைத்தால் யாருக்கோ வரி குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 636இல் பைசாந்தியப் பேரரசோடு நடந்த யர்மூக் போருக்கு முன், இனி உங்களைப் பாதுகாக்க முடியாது என்று சொல்லி சிரியாவின் ஹிம்ஸ் நகர மக்களிடம் வாங்கிய வரியை முஸ்லிம்கள் திருப்பிக் கொடுத்ததாக பலாதுரி எழுதுகிறார். மேடைகளில் இதை விரும்பிச் சொல்கிறார்கள். சிந்துவில் அரபுத் தளபதி முகம்மது பின் காசிம் தேபல் துறைமுகத்தைப் பிடித்தபோது மூன்று நாள் கொலை நடந்தது என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. அதை வேறொரு மேடையில் மட்டும் சொல்கிறார்கள். எழுதியவர் இரண்டையும் மறைக்கவில்லை, நாம் ஏன் பாதியை மறைக்க வேண்டும்?

அப்புறம், இன்றைய பாகிஸ்தானில் உள்ள முல்தான் நகரத்தைக் கட்டுரை தொடவே இல்லை. நகரம் அரபுகள் கைக்கு வந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அங்கே பெரிய கோயில் சிலை வழிபாட்டில் இருந்ததை 10ஆம் நூற்றாண்டுப் புவியியலாளர் இஸ்தக்ரி பதிவுசெய்திருக்கிறார். காணிக்கை அமீருக்கு, அதாவது நகரை ஆண்ட முஸ்லிம் ஆட்சியாளருக்கு, போனது. இந்திய அரசர்கள் படையெடுத்து வந்தால், சிலையை வெளியே கொண்டுவந்து உடைப்போம் என்று நகரை ஆண்டவர்கள் மிரட்டுவார்கள், வந்த படை திரும்பிவிடும்.

அடுத்த இதழில் டமாஸ்கஸ், தேபல், முல்தான் ஆகிய மூன்று பகுதிகளையாவது அரபி அறிந்த ஒருவரைக் கொண்டு முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். முரண்படும் கூற்றுகளை வெட்டாமல் போட வேண்டும்.

– வாசகர், கும்பகோணம்