அண்ணனின் வயிற்றில் இரண்டாவது குழாய்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. அண்ணனோடு கொழும்பில் இரண்டு கிழமை நின்றுவிட்டு முந்தாநாள்தான் வந்தோம். ஆள் சுகம்.

14 வருடத்துக்கு முன் வயிற்றைத் திறந்து, இதயத்தில் இருந்து இறங்கும் பெரிய இரத்தக்குழாயான பெருநாடி வீங்கிய இடத்தில் துணிக்குழாய் வைத்துத் தைத்தார்களே, வாட்டில் நீயும் ஓர் இரவு விழித்திருந்தாய். அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். பிறகு ஒரு ஸ்கான்கூட எடுக்கவில்லை. எடுக்கும்படி யாரும் சொல்லவுமில்லை. இப்போது கல் வருத்தம் என்று ஸ்கான் எடுக்கப்போனால், பழைய தையலுக்கு மேலே நாடி 6 சென்டிமீட்டருக்கு வீங்கிக் கிடக்கிறது. சாதாரணமாக 2 அளவில்தான் இருக்குமாம்.

அண்ணன் பதறவில்லை. சைக்கிள் கடைக்காரர் அல்லவா! "ஒட்டுப் போட்ட இடம் வெடிக்காது தம்பி, ஒட்டுக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும்" என்றார். டொக்டர் சிரித்தார், மறுக்கவில்லை.

திரும்பவும் வயிற்றைத் திறப்பது லேசில்லை. பழைய தழும்பில் குடலும் நாடியும் ஒட்டிப்போயிருக்கும். பிரிக்கும்போதே இரத்தம் கொட்டும். அதனால் தொடை இடுக்கு நாடி வழியாக, கம்பிவலையில் துணி போர்த்த குழாயைச் சுருக்கி மேலே ஏற்றி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்து விரித்தார்கள். கீழ் முனை பழைய துணிக்குழாய்க்குள் இறுகப் பிடித்துக்கொண்டது. மேல் முனைக்குத்தான் தலையிடி. சிறுநீரகத்துக்குப் போகும் நாடிகளை மூடிவிடக்கூடாது. அவற்றுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் நல்ல சுவர் மிஞ்சியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்த நாடிகளுக்கென்று ஓட்டை வைத்த குழாயை அளவுக்குச் செய்வித்து, கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம்.

உன்னுடைய ஐன்ஸ்டைனுக்கும் இதே வருத்தம்தான், தெரியுமா? 1948இல் வயிற்றைத் திறந்து வீக்கத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றிவிட்டார்கள். 1955இல் அது வெடித்தபோது மனிதர் இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். தொடை வழியாகக் குழாய் ஏற்றும் இந்த வேலையைப் பரோடி என்பவர் ஆர்ஜென்டினாவில் செய்து காட்டியது 1990இல்தான்.

மூன்றாம் நாள் அண்ணன் எழுந்து நடந்தார். பழைய தழும்பு நெஞ்சுக்குழியில் இருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஓடுகிறது. புதிதற்கு ஒரு சின்ன பிளாஸ்டர், சாரனை மடித்துக் கட்டினால் தெரியவே தெரியாது. ஆனால் இந்தமுறை ஏமாறமாட்டேன். குழாயின் ஓரத்தால் இரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கான் பார்க்கவேண்டும். அடுத்தது வரும் மாதம்; கடைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன்.

சிகரெட் பெட்டியை அண்ணி வாவியில் எறிந்துவிட்டா. அண்ணன் இப்போது கதிரையில் இருந்தபடி, பொடியன் ஒட்டுகிற டியூப்களை எல்லாம் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆடிக்கு வருவாய்தானே?

அன்புடன்,
உன் மச்சான்