விசாரணைத் தலைவரிடம் முழுக் கோப்பும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் 2017இல் நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் கொல்லப்பட்டனர். அந்த மரண விசாரணையில் இரகசியச் சான்றுகளை மூடிய அமர்வில், அதாவது பொதுமக்களும் உறவினரும் இல்லாமல், கேட்க வழியில்லை. ஆகவே 2019இல் அது, பிரிட்டனின் விசாரணைகள் சட்டம் 2005இன்கீழ் பொது விசாரணையாக மாற்றப்பட்டது.

இச்சட்டத்தின் 21ஆம் பிரிவு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரத்தை விசாரணைத் தலைவருக்குத் தருகிறது. 19ஆம் பிரிவு அவற்றை வெளியிடுவதற்கு வரம்பு போட இடம் தருகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் 'இரகசியம்' என்ற சொல்லோடு கதவு அடைபடுகிறது. தலைவரிடம் கொடுப்பது வேறு, ஊரறியச் செய்வது வேறு.

உளவு அமைப்புகளைக் கண்காணிப்போர் இத்தகைய விசாரணையின் தலைவருக்குத் தங்கள் முடிவறிக்கையை மட்டும் அனுப்பினால் போதாது. அவர்கள் பார்த்த மூல ஆவணங்களின் பட்டியலும், அமைப்பு கொடுத்த பதில்களும் தேதிவாரியாக வேண்டும். எதைக் கேட்டும் கிடைக்கவில்லை என்பது அங்கேதான் தெரியும்! அயல்நாட்டு உளவுத் தகவல் கலந்திருந்தால், கொடுத்த நாட்டின் இசைவை முதல் வாரத்திலேயே கோர வேண்டும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான். மூடிய அமர்வு முடிந்ததும், இறந்தோரின் உறவினருக்குச் சொல்லக்கூடிய சாரத்தைத் தலைவரே எழுதட்டும். கண்காணிக்கப்பட்ட அமைப்பிடம் அந்தப் பேனாவைக் கொடுக்கக் கூடாது.