இரண்டா, ஆறா

அன்பின் மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். நீ அனுப்பிய காசும் படமும் கிடைத்தன. தை மாதம் கதைக்கும்போது ஆறு கதிரையும் ஒரு நீள மேசையும் என்றாய். போன கிழமை "இரண்டு கதிரை போதும் அப்பா" என்று ஒரு வரி மட்டும் வந்தது. சரி, உன் விருப்பம். முற்றத்தில் மாமரத்தடி நிழல் எட்டுப் பேருக்குக் காணும்.

படத்தில் இருக்கிற கதிரை இங்கே சரிவராது. அது இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் பிரம்பு பின்னியது. எங்கள் உப்புவெளிக் கடற்காற்றில் பின்னல் கிழிய முதலே உள்ளே குழாய் கறள் பிடித்துவிடும். அந்த மாதிரி வேண்டுமென்றால் சட்டம் அலுமினியமாக இருக்கவேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் ஒரு சின்னக் காந்தத்தைக் கதிரைக்காலில் வைத்துப் பார்க்கவேண்டும், ஒட்டினால் இரும்பு. கல்வனைஸ் குழாய், துருப்பிடிக்காமல் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு என்பார்கள். குழாய் கல்வனைஸ்தான், ஆனால் வெல்டிங் சூட்டில் மூட்டு இடத்து நாகப்பூச்சு எரிந்துபோகும். கறள் அங்கேதான் தொடங்கும். அந்த இடத்தைச் சுரண்டி நாகம் கலந்த பெயின்ட் அடிக்காவிட்டால் காசு வீண்.

எவர்சில்வரிலும் எல்லாம் ஒன்றல்ல. 304 என்ற ரகம் சமையலறைக்கு நல்லது, கடற்கரையில் சில மாதத்தில் தேத்தண்ணிக் கறை மாதிரி மண்ணிறம் படரும். 316 தாங்கும், அதில் மொலிப்டினம் சேர்த்திருக்கிறது. ஆணி, திருகாணி வாங்கும்போதும் 316 என்று கேட்டுத்தான் வாங்குவேன். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் திருகாணி நேரே தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக அரிபடும். இடையில் நைலோன் வாசர் போடவேண்டும். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், நீ எஞ்சினியர். ஆனாலும் படம் அனுப்பியவனும் நீதான்.

நான் தேக்கு என்று முடிவெடுத்துவிட்டேன். முதிரை அழகு, ஆனால் பாரம். கூட்டும்போது அம்மாவால் நகர்த்த முடியாது. பலா கூரைக்குக் கீழே என்றால் சரி. தேக்கிலும் வைரம் மட்டும்தான் வேண்டும், ஓரத்து வெள்ளை ஒரு விரல் அகலம் இருந்தாலும் கறையான் அங்கேதான் முதலில் வரும். பலகை காய்ந்திருக்கவேண்டும். பச்சைப் பலகையில் செய்தால் வறண்ட கச்சான் காற்று வீசும்போது சுருங்கி மூட்டெல்லாம் இளகும், ஈர வாடைக்காற்றில் ஊதி இறுகும், இரண்டு வருடத்தில் கதிரை ஆடும். இருக்கைச் சட்டங்கள் முக்கால் அங்குலத் தடிப்பு, இடைவெளி கால் அங்குலம். நெருக்கி அடித்தால் தண்ணீர் வடியாது. மூட்டுகள் நாக்கும் துளையுமாக, மரமுளை அடித்து. வெறும் ஆணி அடித்த கதிரையை என் வளவுக்குள் விடமாட்டேன்.

வார்னிஷ் வேண்டாம். மினுக்கமாகத்தான் இருக்கும், ஒரு வெயில் காலத்தில் மயிரிழை வெடிப்பு விடும், மழைத்தண்ணீர் அதற்குள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் மரத்தைக் கறுப்பாக்கும், பிறகு முழுவதையும் சுரண்டி எடுக்கவேண்டும். ஆளிவிதை எண்ணெயும் இங்கே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு போட்ட மாதிரி. அப்படியே பூசினாலும் துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது, தானாகச் சூடேறித் தீப்பற்றும், விரித்துக் காயப்போடவேண்டும். தேக்கை ஒன்றும் பூசாமல் விட்டால் சாம்பல் நிறமாகும். அது பழுது இல்லை, மேலே ஒரு மெல்லிய தோல்தான். வருடத்தில் ஒருமுறை, மாரி முடிந்து மாசியில், சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய தும்பு பிரஷும் எடுத்து நார் ஓடுகிற பக்கமாகத் தேய்த்தால் போதும். குறுக்கே தேய்க்கக்கூடாது. இரும்பு நார் தொடவே கூடாது, தூள் மரத்தில் தங்கிக் கறுத்த புள்ளி விழும். தண்ணீர் பீச்சுகிற மெசினும் வேண்டாம், மென்மையான நாரைக் கிளப்பிவிடும்.

நல்ல தண்ணீரால் கழுவுவதுதான் முக்கியம். மழையில் நனைகிற கதிரையைவிட விறாந்தைக்குள் வைத்த இரும்புக் கதிரைதான் முதலில் கறள் பிடிக்கும், பார்த்திருப்பாய். மழை உப்பைக் கழுவிவிடும். கூரைக்குக் கீழே உப்பு அப்படியே படிந்து கிடக்கும். வெயில் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீர். கிணற்றில் உவர் ஏறியிருந்தால் குழாய்த்தண்ணீர். தறப்பாளால் மூடினால் கீழே ஒரு சாண் இடைவெளி விடவேண்டும், இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன், நல்ல தண்ணீர்.

நீ ஒழுங்காகக் காசு அனுப்புகிறாய், ஊரில் யாரிடமும் நான் கைநீட்டவில்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மூன்று ஞாயிறு தொலைபேசி அடித்தோம், எடுக்கவில்லை. பிள்ளைகளின் சத்தமும் கேட்கவில்லை. மருமகளுக்கு வேலை கூடவாக்கும்.

கதிரைக்காலைப் பற்றி எழுத மறந்தேன். மரம் தண்ணீரை உறிஞ்சுவது கீழே வெட்டுமுகத்தால்தான். அந்த நுனியில் இரண்டு முறை எபொக்சிப் பசை தடவி, கீழே றப்பர் அடியோ ஒரு துண்டு ஓடோ வைக்கவேண்டும். மண்ணில் நேரே வைக்கக்கூடாது. சீமெந்துக்குள் புதைக்கவே கூடாது, காலைச் சுற்றிச் சீமெந்து கிண்ணம் மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், நிலமட்டத்தில் உக்கி ஒடியும். மாமரத்தடியில் இருக்கப் போட்டிருந்த முதிரை வாங்கும் அப்படித்தான் ஒடிந்தது. நீ ஏறிக் குதித்ததால் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். கால்களைச் சீமெந்தில் இறக்கியது நான். ஒடிந்த துண்டைக் கையில் எடுத்தபோதே உள்ளே உக்கல் தெரிந்தது, தெரிந்துகொண்டுதான் உன்னை ஏசினேன். நீ அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் சொல்ல வந்ததாக ஞாபகம் இல்லை.

தச்சர் அடுத்த வெள்ளிக்கிழமை பலகை அறுக்கிறார். பெரியவர்களுக்கு இருக்கை உயரம் பதினேழு அங்குலம் என்று சொல்லிவிட்டேன். மூத்தவனுக்கும் சின்னவளுக்கும் தனி அளவு வேண்டும்: சப்பாத்து இல்லாமல் நிற்கவைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து நிலம் வரைக்கும் அளந்து அனுப்பு. பிள்ளைகள் இப்போது உன்னோடு இல்லையென்றால் அதையும் எழுது. நான் மரத்தை எப்படியும் ஆறுக்குத்தான் எடுத்திருக்கிறேன்.

அப்பா