செயலர் அறிக்கையை யார் எழுதுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மன்றங்களின் பொறுப்பேற்பு விழாப் படங்கள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. தோளில் பட்டை, சட்டையில் பேட்ஜ் என்று பிள்ளைகள் அழகாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்தத் தலைவரையும் செயலரையும் பொருளாளரையும் தேர்ந்தெடுத்தது யார் என்று எந்தப் படத்தின் கீழும் இருப்பதில்லை. இயற்பியல் ஆசிரியராகவும் அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் நான். பதில் எனக்குத் தெரியும்: ஆசிரியர்கள்தான்.

நான் பார்த்த வரையில், மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் ரேங்க் தலைவர், இரண்டாம் ரேங்க் செயலர் என்று முடித்துவிடுவார்கள். கூட்டக் குறிப்பேட்டையும் ஆசிரியரே எழுதுவார். மேலிருந்து யாராவது ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால், நடக்காத கூட்டங்களெல்லாம் ஒரே இரவில் ஒரே பேனாவில் நடந்து முடிந்துவிடும். ஒரு ஆண்டு விழாவில் மேடைக்குப் பின்னால் நின்றிருந்த செயலர் பையன், கையில் இருந்த அறிக்கையைக் காட்டி, "சார், இந்த மரம் நடு விழா எப்போ நடந்துச்சு?" என்று என்னிடம் கேட்டான். அவன் மன்றத்தின் அறிக்கை அது!

என் மன்றத்தில் சீட்டு எழுதிப் போட்டுத் தேர்தல் வைத்தோம். பொருளாளராக வந்தவன் என் பாடத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகிறவன். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஒரு செய்முறைக்காக நான் கைக்காசு போட்டு பேட்டரி வாங்கி வந்தேன். ரசீது இல்லை என்பதால் பணம் தர மறுத்துவிட்டான். மறுநாள் கடைக்குப் போய் ரசீது வாங்கி வந்த பிறகுதான் கொடுத்தான், கையெழுத்தும் வாங்கிக்கொண்டு. முதல் கூட்டம் வெறும் சந்தை இரைச்சல். இருக்கிற பணத்தில் தொலைநோக்கிக்கு லென்ஸ் வாங்குவதா, வினாடி வினாவுக்குப் பரிசு வாங்குவதா என்று சண்டை. கை தூக்கச் சொன்னதில் லென்ஸ் தோற்றது. எனக்கு லென்ஸ்தான் வேண்டியிருந்தது, சொல்லவில்லை.

இரைச்சலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863-இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப்போய், நடத்தத் தெரியாமல் திண்டாடினார். அந்த வெட்கத்தில் கூட்ட நடைமுறைகளைத் தேடிப் படித்து 1876-இல் அவர் வெளியிட்ட விதித் தொகுப்பைத்தான் இன்றும் பல சங்கங்கள் பின்பற்றுகின்றன. வளர்ந்த மனிதருக்கே அந்தப் பாடு என்றால், பதினான்கு வயதில் தடுமாறினால் என்ன?

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். மன்றம் நடத்த முதல் ரேங்க்தான் வேண்டும் என்பதில்லை. இன்று பல நாடுகளில் இருக்கும், லயன்ஸ் சங்கத்தின் இளையோர் பிரிவான லியோ சங்கம் 1957-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அப்பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளர். முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய அணிப் பையன்கள். ரோட்டரியின் இளையோர் பிரிவான இன்டராக்ட் சங்கம் 1962-இல் புளோரிடாவில் பிறந்தது. 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பணிகள் செய்ய வேண்டும், ஒன்று பள்ளிக்கோ சமூகத்துக்கோ, மற்றொன்று உலக நாடுகளிடையே புரிதலை வளர்க்க. இரண்டுக்கும் பின்னால் பெரியவர்களின் சங்கம் துணை நிற்கிறது. நிற்கட்டும். எந்தப் பணி என்பதைப் பிள்ளைகள் பேசி முடிவு செய்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

பணத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்பார்கள். பெட்டியை ஆசிரியர் அறையில் வையுங்கள், சாவியை அவர்களிடம் கொடுங்கள். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் எடுக்கக் கூடாது, மாதம் ஒருமுறை கணக்கைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இவ்வளவு போதும்.

அப்புறம், தேர்வு வகுப்புகளுக்கு மன்றமெல்லாம் எதற்கு, நேரம் ஏது என்கிறார்கள் தலைமையாசிரியர்கள். மதிய இடைவேளையில் வாரம் அரை மணி நேரம் போதும். பொறுப்பேற்பு விழாவுக்கு அணிவகுப்பு ஒத்திகை என்று அதே பிள்ளைகளை நாள் கணக்கில் வெயிலில் நிறுத்தும்போது மட்டும் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்