பழைய கைக்கடிகாரத்துக்கு பாலீஷ் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் பல ஆண்டுகள் கிடந்த, சாவி கொடுத்தோ கையசைவிலோ ஓடும் பழைய கைக்கடிகாரங்களை எடுத்துச் சரிசெய்து கட்டிக்கொள்ளும் ஆர்வம் மதுரை இளைஞர்களிடம் பெருகி வருவது மகிழ்ச்சி தருகிறது. தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதாவையோ, பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5-ஐயோ, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட ஃபேவர் லூபாவையோ எடுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்கும் மாசி வீதிகளுக்கும் வருகிறவர்களில் பலர், கடைக்காரரிடம் முதலில் சொல்வது, "நல்லா பாலீஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்பதுதான். அதைச் சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பழைய கடிகாரத்தை விலைக்கு வாங்குவோருக்கும் என் கருத்து இதுவே: மெருகேற்றி மின்னும் ஒன்றும், கீறல்களோடு மங்கலாக இருக்கும் ஒன்றும் ஒரே விலையில் கண்முன் இருந்தால், உள்ளே இயந்திரம் நன்றாக இருக்கும்பட்சத்தில், தயங்காமல் மங்கலானதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சர்வீஸ் வேறு, பாலீஷ் வேறு. கடிகாரத்தின் உள்ளே சக்கரங்களின் அச்சுகள் சுழலும் கற்களில் இடப்பட்ட துளி எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து பிசினாகிவிடும். அந்த நிலையில் சாவி கொடுத்து ஓடவிட்டால் அச்சுகள் தேயும். ஆகையால் நெடுங்காலம் ஓடாமல் கிடந்த கடிகாரத்தை முழுவதும் பிரித்து, கழுவி, புதிதாக எண்ணெய் இட்டே ஓட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதுதான் தவறு. ஆனால் இந்த வேலை வெளியே தெரியாது. பின்மூடிக்குள் மணிக்கணக்கில் செய்த நுட்பமான வேலைக்குக் காசு கேட்டால் யோசிக்கும் வாடிக்கையாளர், மேலே பளபளப்பைக் கண்டதும் மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் நல்ல கைத்திறன் உள்ள மெக்கானிக்குகள்கூட, கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடிகாரத்தின் வெளிக்கூடான கேஸைப் பஃபிங் சக்கரத்தில் ஒரு பிடி பிடித்துவிட்டே தருகிறார்கள். இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலையின் தரத்தை மினுக்கைக் கொண்டு அளக்கும் நம் பழக்கமே அவர்களை அதற்குப் பழக்கியிருக்கிறது.

பஃபிங் என்பது அழுக்கை நீக்கும் வேலையே அன்று. உலோகத்தை நீக்கும் வேலை. மோட்டாரில் வேகமாகச் சுழலும் துணிச் சக்கரத்தில் பாலீஷ் கட்டியைத் தேய்த்து, அதன்மேல் கேஸை அழுத்திப் பிடிக்கும்போது, கீறலின் அடிமட்டம் வரை சுற்றிலும் உள்ள பரப்பு முழுவதும் தேய்ந்து இறங்குகிறது. அப்போதுதான் கீறல் மறையும். பட்டை மாட்டும் நான்கு காதுகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழப்பு எங்கே என்று புரியும். தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவில், காதின் மேற்பரப்பும் பக்கவாட்டும் சந்திக்கும் விளிம்பு கத்தி முனைபோல் நேர்கோடாக ஓடும். சில மாடல்களில் அந்த விளிம்பை ஒட்டிச் சாய்வாகச் செதுக்கிய மெல்லிய பட்டை ஒன்று காதின் நுனிவரை ஒரே அகலத்தில் இறங்கும். மேற்பரப்பில் ஒரே திசையில் இழுத்த நுண்ணிய கோடுகளும், பக்கவாட்டில் கண்ணாடி போன்ற மெருகுமாக இரண்டு வேலைப்பாடுகள் அருகருகே இருக்கும். ஓரிரு முறை பஃப் செய்ததும் கோடுகள் அழிந்து எல்லாம் ஒரே மினுக்காகும். விளிம்பு உருண்டு, சாய்வுப் பட்டை காணாமல் போகும். காது நுனி மெலியும். பட்டையைப் பிடிக்கும் ஊசி செல்லும் துளை வெளிப்புறம் வரை வருகிற கேஸாக இருந்தால், வட்டமான துளையின் வாய் விரிந்து கோணலாகிவிடும். சோப்புக்கட்டி கரைந்ததுபோல் ஆகிவிட்ட இத்தகைய கேஸ்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். நான்கு காதுகளும் நான்கு விதமான தடிமனில் இருந்தவையும் அவற்றில் உண்டு.

இவ்வளவும் முழு எஃகுக் கேஸுக்குச் சொன்னது. நம் ஊர் வீடுகளில் இருப்பவற்றில் கணிசமானவை எஃகே அல்ல. பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால், பின்மூடி மட்டுமே எஃகு, மேல்பகுதி பித்தளை போன்ற உலோகத்தின் மேல் முலாம் பூசியது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். சுவிஸ் கடிகாரங்களில் தங்க முலாமின் கனத்தை 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று கேஸிலேயே பொறித்திருப்பார்கள். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு; நம் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. குரோம் பூச்சில் மேலே இருக்கும் குரோம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. பஃபிங் சக்கரம் சில நொடிகளில் இதைத் தின்றுவிட்டுப் பித்தளையை வெளியே கொண்டுவந்துவிடும். மதுரை வெயிலில் வியர்வை பட்ட பித்தளை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை; பச்சைக் களிம்பு ஏறும், சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். ஐம்பது ஆண்டுகள் கட்டித் தேயாத முலாம் ஒரு பிற்பகலில் போய்விடுகிறது. முழுத் தங்கக் கேஸாக இருந்தால் கணக்கு இன்னும் நேரடியானது: தேய்ந்து போவது தங்கம். தெற்கு ஆவணி மூல வீதியில் சேதாரத்துக்கு அவ்வளவு பேரம் பேசுகிற நாம், இங்கே சேதாரத்தைக் காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம். கூடவே தரமுத்திரையும் மழுங்குகிறது.

பின்மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணி நிறைவின்போது கைக்கடிகாரம் பரிசளித்து, அதன் பின்னால் பெயரும் நாளும் பொறித்துக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கிடைத்த அப்படிப்பட்ட கடிகாரத்தை, அவர் காலமான பிறகு மகன் ஆசையோடு கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது பின்மூடி முகம் பார்க்கும் கண்ணாடியாக இருந்தது. பெயரின் முதல் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் சாய்த்துப் பிடித்தால் நிழலாகத் தெரிந்தன, மற்றவை போய்விட்டன. கொடுத்தவரும் நல்ல எண்ணத்தில் கொடுத்தார், செய்தவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி வாங்கிக் கொடுத்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கவனமாக வண்டி ஓட்டச் சொல்லி அந்த மனைவி பொறித்துக் கொடுத்த வாசகம் அதன் பின்மூடியில் அப்படியே இருந்தது. ஆலைத் தொழிலாளியின் கடிகாரத்துக்கு அந்த விலை வராது என்பது உண்மை. அந்தக் குடும்பத்துக்கு அந்த எழுத்துகளின் மதிப்பு அதைவிடக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

பெயர் பொறிக்காத பின்மூடியிலும் செய்தி இருக்கிறது. பழைய சீக்கோ கடிகாரங்களின் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அந்த எண் தேய்ந்தால் கடிகாரத்தின் வயதை உறுதியாகச் சொல்லும் வழிகளில் ஒன்று அடைபடுகிறது. கோயில் திருப்பணி என்ற பெயரில் கல்தூண்களிலும் சுவர்களிலும் மணலைப் பீய்ச்சியடித்து, அழுக்கோடு கல்வெட்டு எழுத்துகளையும் சேர்த்துத் தேய்த்த கொடுமையைத் தமிழகம் பார்த்திருக்கிறது. எதிர்ப்பு எழுந்த பிறகே அதற்குத் தடை வந்தது. அளவில் சிறியதாயினும் இதுவும் அதே வகை இழப்புதான். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் அளித்தது. இனி தேய்ந்த கேஸுக்கு மாற்றாக அந்தக் காலத்துக் கேஸ் ஒன்று புதிதாக வரப்போவதில்லை.

மெருகே கூடாது என்பது என் வாதமன்று. பல பழைய மாடல்களில் நாம் கண்ணாடி என்று சொல்வது அக்ரிலிக் பிளாஸ்டிக். அதன் கீறல்களை உரிய பசை கொண்டு துணியால் தேய்த்துத் தாராளமாகப் போக்கலாம், மிகவும் கெட்டிருந்தால் மாற்றியும் விடலாம். ஏற்கெனவே பலமுறை பாலீஷ் கண்டு உருமாறிய எஃகுக் கேஸை, தினமும் கட்டுவதற்காக வைத்திருப்பவர் இன்னொரு முறை இலேசாக மெருகேற்றினால் குடி முழுகிவிடாது. தேய்ந்த இடத்தில் லேசர் வெல்டிங் மூலம் உலோகத்தை நிரப்பி, மீண்டும் பழைய விளிம்புகளைச் செதுக்கும் முறையும் வெளிநாடுகளில் இருக்கிறது; அதன் செலவு மிக அரிய கடிகாரங்களுக்கே கட்டும். மற்றபடி, இயந்திரத்தையும் டயலையும் வெளியே எடுத்துவிட்டு, வெறும் கேஸை வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷால் கழுவி, இடுக்குகளில் இறுகிய அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, நன்றாக உலர்த்தினாலே பாதி அழகு திரும்பிவிடும். மீதி இருக்கும் கீறல்கள் கட்டியவரின் கையோடு வந்தவை. அவை இருக்கட்டும்.

வாங்குகிறவர்கள் டயலையும் கவனிக்க வேண்டும். கேஸைத் தேய்த்து மினுக்குகிற இடத்தில் டயலுக்கும் புதுப் பெயின்ட் அடித்திருப்பது சகஜம். எழுத்துகள் தடித்தும் ஏறி இறங்கியும் இருக்கின்றனவா, சிறிய விநாடி வட்டத்தின் கோடுகள் மையம் விலகியிருக்கின்றனவா, சுவிஸ் கடிகாரமானால் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய 'சுவிஸ்' அல்லது 'சுவிஸ் மேட்' காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடல் ஒருபோதும் வராத அடர் சிவப்பிலும் கிளிப்பச்சையிலும் டயல் பளிச்சென்று இருந்து, கேஸும் பளபளவென்று இருந்தால், அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பழுப்பேறிய, ஒன்றிரண்டு புள்ளி விழுந்த, ஆனால் தொழிற்சாலை அச்சு அப்படியே இருக்கும் டயலின் அருமை பழகப் பழகவே தெரியும்.

மதுரைக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிகாரத்தை வாங்கி வைக்கும்போது எழுதித் தரும் சீட்டில், 'சர்வீஸ் மட்டும்', 'பாலீஷுடன்' என்று இரண்டு வரிகளை அச்சிட்டு, வாடிக்கையாளர் சொல்வதை அதில் குறித்துக்கொள்ளுங்கள். முலாம் பூசிய கேஸ் என்றால் பஃப் செய்தால் முலாம் போய்விடும் என்பதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்மூடியில் எழுத்து இருந்தால் அதைச் சக்கரத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். உள்ளே செய்த வேலைக்கு உரிய கூலியைத் தயங்காமல் கேளுங்கள். அதைக் கொடுக்க வாடிக்கையாளர்களாகிய நாங்கள் பழகிக்கொள்ள வேண்டும். பழைய கடிகாரம் விற்பவர்களும், பாலீஷ் போட்டது என்றால் போட்டது என்றும், டயல் புதுப்பித்தது என்றால் புதுப்பித்தது என்றும் வாய்திறந்து சொல்லி, அதற்கேற்ற குறைந்த விலைக்குக் கொடுப்பதே முறை.

இப்படிக்கு,
பழைய கைக்கடிகார ஆர்வலர் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை.