மச்சானுக்கு ஒரு கடிதம்: டீபக்கருக்குச் சொந்தமாக ஒரு கமாண்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏறவிடாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். காலை நேரத்தில் வீடே அல்லோலகல்லோலம்தான்.

நீ வெப் வேலையை விட்டு ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே ஓடும் ப்ரோகிராம் எழுதுகிற பக்கம் போனதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இனி நாம் இருவரும் ஒரே பாஷை பேசலாம். சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஓடும் ப்ரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கிற டீபக்கரான ஜிடிபியை வெறுமனே பயன்படுத்தினால் போதுமா, அதன்மேல் ஜெஃப், பவுன்டிபக் மாதிரி ஏதாவது கூடுதல் ஸ்கிரிப்ட் தொகுப்பு போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தாய்.

போட்டுக்கொள். ப்ரோகிராம் நிற்கும் ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்), ஸ்டேக் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாக மதிப்புகளை அடுக்கும் மெமரி), அசெம்ப்ளி எல்லாம் ஒரே திரையில் வந்து நிற்பது பெரிய வசதி. ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. அவை எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. உன் ப்ரோகிராமில் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது உனக்குத்தான் தெரியும். அதை ஜிடிபிக்கு நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு இருபது வரி பைத்தான் தாராளம். 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுத ஆரம்பித்த ஜிடிபிக்குள் பைத்தான் வந்தது 2009-இல், 7.0 பதிப்பில். நீ சொன்ன அந்த இரண்டுமே அந்த வழியாக வந்தவைதான். அதே வழி உனக்கும் திறந்திருக்கிறது.

என் வேலையிலிருந்தே சொல்கிறேன். சோர்ஸ் கோடு தொலைந்துபோன ஒரு பழைய ப்ரோகிராம், அது எழுதிவைத்த டேட்டா ஃபைலை யாராலும் படிக்க முடியவில்லை. ஃபைலின் அமைப்பைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். பைனரியைப் பிரித்துப் படிக்க உதவும் கிட்ராவில் திறந்து படிக்கிறேன், பக்கத்தில் ஜிடிபியில் ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு முகவரி காட்டும். எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய இந்த வகை பைனரியை கிட்ரா ஹெக்ஸில் 100000 என்ற முகவரியில் ஏற்றியதாக வைத்துக்கொள்ளும். லினக்ஸில் ஜிடிபிக்குள் ஓட்டினால் அது பெரும்பாலும் 555555554000-இல் போய் உட்காரும். கிட்ராவில் 101240 என்று பார்த்தது இங்கே 555555555240. ஒவ்வொரு பிரேக்பாயிண்டுக்கும் (ப்ரோகிராமை நிறுத்தக் குறித்துவைக்கும் இடம்) இந்தக் கணக்கைக் கையால் போட்டுக்கொண்டிருந்தால் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் கலைந்துவிடும். அதனால் டாலர் குறியோடு கூப்பிடுகிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். ப்ராசஸின் மெமரி மேப்பைப் படித்து, அடி முகவரியை எடுத்து, கிட்ரா எண்ணை மாற்றித் தரும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸோடு இணைந்தால் அடி முகவரி வேறாக இருக்கும், அப்போதும் சரியாக வரும். இன்றைக்கு அது இல்லாமல் நான் ஜிடிபியைத் திறப்பதே இல்லை.

அடுத்தது பிரேக்பாயிண்ட். பைத்தானில் பிரேக்பாயிண்ட் கிளாஸை நீட்டி, அதற்குள் ஸ்டாப் என்று ஒரு மெத்தட் எழுதலாம். அது ஃபால்ஸ் திருப்பினால் ஜிடிபி உன்னிடம் நிற்காமல் ப்ரோகிராமை ஓடவிட்டுவிடும். எனக்கு வந்த பைனரியில் எழுத்துகளையெல்லாம் எக்ஸ்ஆர் (XOR) என்ற பிட் கணக்கைப் போட்டு மறைத்து, தேவைப்படும்போது ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஃபங்ஷன் திரும்புகிற இன்ஸ்ட்ரக்ஷனில் இப்படி ஒன்றை வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஃபங்ஷனின் விடை வந்து நிற்கும் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டர் சுட்டுகிற எழுத்தையும், யார் கூப்பிட்டார்கள் என்பதையும் ஒரு ஃபைலில் எழுதிவிட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ப்ரோகிராம் முடிந்ததும் ஃபைலைத் திறந்தால் ஃபீல்டு பெயர்கள் வரிசையாக நின்றன. எந்தப் பெயரை எந்த ஃபங்ஷன் கேட்டது என்று தெரிந்த பிறகு பாதி வேலை முடிந்த மாதிரிதான். இரண்டு விஷயம் மட்டும் நினைவில் வை. ஸ்டாப்புக்குள் இருந்துகொண்டு ப்ரோகிராமை ஸ்டெப் செய்வது, வேறு பிரேக்பாயிண்டை அழிப்பது எல்லாம் கூடாது, படிப்பதோடு சரி. அப்புறம், லட்சம் முறை சுற்றுகிற லூப்புக்குள் வைத்தால் ப்ரோகிராம் ஆமை வேகம்தான், ஏனென்றால் நீ பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அது நின்றுதான் கிளம்புகிறது.

இப்போது உன் போர்டு. அதிலுள்ள கோர்டெக்ஸ்-எம்4 ப்ராசஸர் அடிக்கடி ஹார்ட்ஃபால்டில் (மேற்கொண்டு ஓட முடியாத பிழை) விழுகிறது, காரணம் தெரியவில்லை என்கிறாய். நீ எழுத வேண்டிய முதல் கமாண்ட் இதற்குத்தான். ஃபால்ட் வந்ததும் ப்ராசஸரே எட்டு வேர்டுகளை ஸ்டேக்கில் தள்ளிவிடும்: ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர் (திரும்பிப் போக வேண்டிய முகவரி), பிசி (இன்ஸ்ட்ரக்ஷனின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (ப்ராசஸரின் நிலை). இரண்டு ஸ்டேக்கில் எதில் தள்ளியது என்பதை, ஃபால்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது எல்ஆரில் இருக்கும் மதிப்பின் பிட் 2 சொல்லும். பூஜ்யம் என்றால் மெயின் ஸ்டேக், ஒன்று என்றால் ப்ராசஸ் ஸ்டேக். அந்த ஸ்டேக் பாயிண்டரிலிருந்து 24 பைட் தள்ளிப் படித்தால் விழுந்த இடத்தின் பிசி கிடைக்கும். கூடவே ஃபால்ட்டின் காரணத்தைக் குறித்துவைக்கும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரையும் படித்து, பிட் 25 இருந்தால் 'பூஜ்யத்தால் வகுத்தல்', பிட் 24 இருந்தால் 'முகவரி சீரமைப்புத் தவறு' என்று உன் கமாண்ட் வார்த்தையாகவே சொல்லட்டும். பிட் 10 இருந்தால் கொஞ்சம் கவனம். பஸ் பிழை தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஸ்டேக்கில் உள்ள பிசி உண்மையான குற்றவாளியைக் காட்டாது. நடு ராத்திரியில் அதை நம்பித் தவறான வரியை முறைத்துக்கொண்டிருக்காமல் இருக்க, அந்த எச்சரிக்கையையும் கமாண்டே அச்சிடும்படி எழுது. ஹேண்ட்லரின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டு பிரேக்பாயிண்ட் வை, அதன் முதல் இன்ஸ்ட்ரக்ஷனிலேயே நிற்கும். கொஞ்சம் தள்ளி நின்றால் எல்ஆர் மாறிப்போயிருக்கலாம்.

இன்னொன்று. ஜிடிபியில் வெறும் என்டர் தட்டினால் கடைசி கமாண்ட் திரும்ப ஓடும். படிக்கிற கமாண்டுக்கு அது வசதி. ஃபிளாஷை அழிக்கிற, ரெஜிஸ்டரில் எழுதுகிற கமாண்ட் எழுதினால், திரும்ப ஓடாதே என்று சொல்லும் டோன்ட்-ரிப்பீட் அழைப்பை முதல் வரியிலேயே போட்டுவிடு.

எழுதியதை உன் லேப்டாப்பில் ஒளித்துவைக்காதே. ஃபர்ம்வேர் ரெப்போவிலேயே சோர்ஸுக்குப் பக்கத்தில் வை. லினக்ஸ் கெர்னலே தன் ஜிடிபி ஸ்கிரிப்டுகளை சோர்ஸ் மரத்துக்குள்தான் வைத்திருக்கிறது. ஸ்ட்ரக்டை மாற்றுகிறவர் அதைக் காட்டுகிற ஸ்கிரிப்டையும் அதே கமிட்டில் மாற்றிவிடுவார், உனக்குப் பின்னால் டீமுக்கு வருகிறவருக்கும் அது கிடைக்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? போர்டையும் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டீபக் ப்ரோபையும் கையோடு எடுத்து வா. அதற்கு முன் ஃபால்ட் விழுந்தால் அந்த எட்டு வேர்டையும் சிஎஃப்எஸ்ஆரையும் அப்படியே எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்