மூணு ஸ்கூல் பாத்துட்டு வந்தோம்

அம்மாடி,

போன் பண்ணா எப்பவும் மீட்டிங்கற, அதான் உக்காந்து டைப் அடிக்கிறேன், தப்பு இருந்தா நீயே சரி பண்ணி படிச்சிக்கோ. ஜூன்ல காட்பாடிக்கே வந்துடறோம், அதுக்குள்ள சின்னவனுக்கு ஸ்கூல் பாத்து வைமான்னு சொன்னல்ல, நானும் உங்கப்பாவும் மூணு நாளா வண்டியில சுத்தினோம். இந்த வெயில்ல பதினோரு மணிக்கு வேலூர்ல வெளிய போறதுன்னா என்னன்னு பெங்களூர்ல இருந்துகினு உனக்கு மறந்தே போயிருக்கும்.

முதல்ல நீ லிங்க் அனுப்பினியே, சத்துவாச்சாரி பக்கம், அங்க போனோம். ஸ்கூலா ஓட்டலான்னே தெரியல, கிளாஸ் ரூம்ல ஏசி, வெளிய பச்சை பிளாஸ்டிக் புல்லு, அது வெயில்ல கொதிக்குது, நான் செருப்ப கழட்டிட்டு ஒரு கால் வச்சு பாத்தேன், ரெண்டாவது கால் வைக்கல. ப்ரீகேஜிக்கு வருஷம் 68,000, அட்மிஷன் 15,000 தனி, அது திரும்ப வராது, புக்கு யூனிபார்ம் அப்புறம் சொல்றோம்ங்கறாங்க. சரி, பணம் உங்க பணம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒம்போது மணி ஸ்கூலுக்கு நம்ம காந்தி நகர்ல 7.50க்கே வேன் வந்துடுமாம். எல்லா பிள்ளையையும் ஏத்திகினு, விருதம்பட்டு தாண்டி, பாலாத்து பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள்ல நின்னு நின்னு போகணும். அந்த சர்க்கிள்ல நிக்கிறது பத்தி உனக்கு நான் சொல்லணுமா, நீ காலேஜ் போன காலத்துல இருந்து அப்படியேதான் கீது. வேன்ல ஆயா வருவாங்களான்னு கேட்டேன், டிரைவரே நல்லா பாத்துப்பாரு மேடம்ங்குது அந்த ரிசப்ஷன் பொண்ணு. 2012ல தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் ஓட்டையில விழுந்து ஒரு குழந்தை செத்துச்சே, அதுக்கப்புறம்தான் ஸ்கூல் வண்டிக்குன்னு தனியா ரூல்ஸ் போட்டு, கூட ஒரு ஆள் வரணும்னு வச்சாங்க. எனக்கு அங்கயே மனசு விட்டுப்போச்சு.

ரெண்டாவது சித்தூர் ரோட்டுல. போர்டுல இவ்ளோ பெருசா மாண்டிசோரின்னு எழுதி இருக்கு. உங்கப்பா உடனே ஆரம்பிச்சிட்டாரு, அந்த முறைய கொண்டுவந்த மாண்டிசோரியம்மா 1939லயே மெட்ராஸ் அடையாறுக்கு வந்து டீச்சருங்களுக்கு டிரெய்னிங் குடுத்தாங்க தெரியுமான்னு. அவரு சொல்லி முடிக்கல, நான் உள்ள எட்டி பாத்தா முப்பத்திநாலு பிள்ளைங்க (எண்ணினேன்), எல்லாம் ஒரே வயசு, எல்லார் கையிலயும் நாலு கோடு நோட்டு, எல்லாரும் ஏ எழுதுது. அந்த முறையில மூணு வயசும் அஞ்சு வயசும் ஒண்ணா உக்காந்து, எது புடிக்குதோ அத எடுத்து செய்யணுமாமே, அந்த மர சாமானெல்லாம் கண்ணாடி பீரோவுல வச்சு பூட்டி இருக்கு. சாவி எங்கன்னு உங்கப்பா கேட்டாரு, கரெஸ்பாண்டன்ட் கிட்டங்கறாங்க.

இன்னொண்ணு, மாப்பிள்ளை கிட்ட பேசி முடிவு பண்ணு. சிபிஎஸ்இன்னா ஒண்ணாவதுக்கு ஆறு வயசு முடியணும்னு சொல்றாங்க, ஸ்டேட் போர்டுல அஞ்சு முடிஞ்சா போதும். அதனால அதே பையன ஒரு இடத்துல ப்ரீகேஜிங்கறாங்க, இன்னொரு இடத்துல நேரா எல்கேஜிங்கறாங்க. எந்த போர்டுன்னு இப்பவே யோசிக்கலன்னா அப்புறம் ஒரு வருஷம் திரும்ப உக்கார வைக்கணும். பால்வாடியும் எட்டி பாத்துட்டுதான் வந்தேன், பிள்ளைங்க சத்துமாவு கொழுக்கட்டை தின்னுகினு நல்லாதான் இருந்துதுங்க, ஆனா நீ ஒத்துக்கமாட்ட, விடு.

மூணாவது நம்ம பின்னாடி தெருவுலயே. போர்டு கூட கலர் போயிருச்சு. பழைய வீடு, வேப்பமரம், கீழ மணல். பதினெட்டு பிள்ளைங்க, ரெண்டு மிஸ்ஸு, ஒரு ஆயா. நான் நேரா பாத்ரூம் எங்கன்னு கேட்டேன், உங்கப்பாவுக்கு கோவம், வந்ததும் இதான் கேப்பியான்னு. குட்டி குட்டி சீட்டு, குழாய் என் முட்டி உயரத்துல, தரை காஞ்சி இருக்கு, மக்கு கூட சின்னது. நீ ப்ரீகேஜியில ஈரத்தோட மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு தொடையெல்லாம் செவந்து வந்தியே, அன்னிக்கு நான் அந்த ஸ்கூல்ல பாத்ரூம பாத்ததே இல்லன்னு அப்புறம்தான் தோணுச்சு. அதான்.

குறை இல்லாம இல்ல. இங்கிலீஷ் கம்மி, மிஸ்ஸுங்க தமிழ்லதான் பேசுது. கேட்டு தாப்பா தொளதொளன்னு இருக்கு, நம்ம வாலு ஒரு தள்ளு தள்ளினா தெருவுல இருப்பான், மாத்துங்கன்னு சொல்லிட்டு வந்தேன், ரெண்டு நாள் கழிச்சு திரும்ப போய் பாத்தேன், மாத்திட்டாங்க. வருஷம் 26,000, மூணு டேர்மா கட்டலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சீட்டு வச்சிருக்கேன்னாங்க.

அந்த ஆயா வாசல் வரைக்கும் வந்து, உங்க பேரன் மூச்சா வந்தா இன்னான்னும்மா சொல்லுவான்னு கேட்டுது. மத்த ரெண்டு இடத்துலயும் யாரும் கேக்கல. எனக்கு சொல்லத் தெரியல. சூசூன்றானா, இல்ல அங்க கன்னடத்துல ஏதாவது கத்து வச்சிருக்கானா? மீட்டிங் முடிஞ்சதும் சொல்லு, நாளைக்கு காலையில பால் வாங்கப் போறப்ப ஆயா கிட்ட சொல்லிடறேன்.

அம்மா